மெசியானின் தாளநெறி: கொண்டதும் ஆக்கியதும்

1. தோற்றுவாய்

ஒரு கலைஞன் பிறரிடமிருந்து கொண்டது யாது, தானாக ஆக்கியது யாது என வகுத்துக் காண்டல் திறனாய்வின் தலையாய பணிகளுள் ஒன்றாகும். இப்பணி எளிதுபோலத் தோன்றி இடர்ப்படுத்துவது. ஒப்புமை கண்டவிடமெல்லாம் கடன் எனத் துணிவாரும், கடன் கண்டவிடமெல்லாம் ஆக்கம் இல்லை எனத் துணிவாரும் நம்மிடையே உளர். ஆய்வேடுகளில் 'பிறர் செல்வாக்கு' என்னும் தலைப்பின்கீழ்ப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அச்செல்வாக்கு நூலினுள் என்ன தொழில் செய்தது என்னும் வினா அங்கு எழுவதில்லை. மாணவராயிருந்த காலத்து யானும் இவ்வாறு பெயர்வரிசை எழுதியதுண்டு. ஆதலின் இதனைப் பிறர்மேற் குறையாக அன்றி, எனக்கே உரிய திருத்தமாக முன்வைக்கின்றேன்.

இவ்வினாவை ஆராய்தற்குத் தமிழிலக்கியத்திற்குப் புறத்தேயுள்ள ஓர் எடுத்துக்காட்டை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். நம் நூல்களைப் பற்றிப் பேசுங்கால் பற்றும் காய்தலும் இடைபுகுதல் இயல்பு. அயலான் ஒருவன் படைப்பைக் காணுங்கால் கண் சற்றுத் தெளிவாகும். ஆயினும் இவ்வெடுத்துக்காட்டு முற்றும் அயலானதும் அன்று. பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் (1908–1992), பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' கூறும் தேசி தாளங்களைத் தம் இசையில் எடுத்தாண்டவர். இது பற்றி நம் நாட்டில் இருவகைப் பேச்சு உண்டு. 'நம் தாளத்தில் மேலைநாட்டார் இசையமைத்தனர்' என்பது பெருமிதப் பேச்சு. 'ஏட்டில் கண்ட தாளத்தைப் பொருளறியாது கையாண்டார்' என்பது இகழ்ச்சிப் பேச்சு. இரண்டும் இசையை நோக்காது பெயரை நோக்கி எழுந்தவை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

2. அவர் தாமே தந்த பட்டியல்

மெசியான் அவிஞ்ஞோன் நகரிற் பிறந்தவர். தாய் செசீல் சொவாழ் கவிஞர். தந்தை பியேர் மெசியான் சேக்சுபியர் நாடகங்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவர். பத்து வயதளவில் அவருடைய ஆசிரியர் ஒருவர் தெபுசியின் 'பெலியாசும் மெலிசாந்தும்' என்னும் இசைநாடகச் சுவடியைப் பரிசளித்தார். அது தம் வாழ்வை முடிவு செய்த நிகழ்ச்சி என மெசியான் பிற்காலத்தும் கூறிவந்தார். பாரிசு இசைக்கல்லூரியில் பால் துக்கா, மார்செல் துப்ரே, மொரீசு எம்மானுவேல் ஆகியோரிடம் பயின்றார். 1931 முதல் இறுதிவரை பாரிசின் திரினித்தே திருக்கோயிலில் ஆர்கன் வாசிப்பவராகப் பணியாற்றினார்.

1944இல் அவர் வெளியிட்ட 'என் இசைமொழியின் நுட்பம்' என்னும் நூலின் முன்னுரையில், தம்மை உருவாக்கியோரையும் உருவாக்கியவற்றையும் அவரே எண்ணிக் கூறுகின்றார். தாய், மனைவி, சேக்சுபியர், குளோதேல், எலுவார் முதலிய கவிஞர், திருமறை, பறவைகள், உருசிய இசை, தெபுசி, பழங்கிறித்தவ வழிபாட்டுப் பாடல், இந்தியத் தாளநூல், தோபினே மலைகள், திருக்கோயிற் சாளரத்து வண்ணக் கண்ணாடி, வானவில் என்று அவ்வரிசை செல்கின்றது. கடனை மறைப்பவன் இவ்வாறு எழுதான். ஆயினும் ஆய்வாளன் இவ்வரிசையைப் பெயர்த்தெழுதி அமைவானாயின் அவன் செய்தது படியெடுத்தலே யன்றி ஆய்வன்று. தாயும் வானவிலும் தாளநூலும் ஒரே வகையில் இசையுள் நுழைந்திருத்தல் இயலாது. ஒன்று மனநிலையாக நுழையும். ஒன்று வண்ணமாக நுழையும். ஒன்று எண்ணாக நுழையும். எது எவ்வாறு நுழைந்தது என்பதே வினா. தாளநூல் எண்ணாக நுழைந்தது. எண்ணைச் சரிபார்த்தல் இயலும். ஆதலின் அதனையே இங்கு நோக்குவோம்.

3. ஏட்டுவழி வந்த தாளம்

சாரங்கதேவர் நூற்றிருபது தேசி தாளங்களை எண்ணிக் கூறுகின்றார். லாவிஞ்ஞாக் தொகுத்த பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் ழொவானி குரோசே எழுதிய இந்திய இசை பற்றிய கட்டுரையில் இப்பட்டியல் இடம்பெற்றது. அங்கிருந்தே மெசியான் அதனை எடுத்துக்கொண்டார். ஆகவே தாளம் அவரிடம் வந்தது ஆசான் கைவழியன்று, அச்சிட்ட தாள்வழி. லகு, குரு, புலுதம், துருதம் என்னும் அளவுகள் மேலைநாட்டு இசைக் குறிகளாக மாறி அவர் கண்முன் நின்றன. கேட்டறியப்பட வேண்டியது கண்டறியப்படுவதாயிற்று. இம்மாற்றத்தை நாம் மறத்தலாகாது. இதன்பின் நிகழ்ந்தவை எல்லாம் இதனை அடியாகக் கொண்டவை.

இனி ஒரு தாளத்தை அணுகிக் காண்போம். ராகவர்த்தனம் என்னும் தேசி தாளம் துருதம், விராமத் துருதம், துருதம், புலுதம் என நான்கு உறுப்புடையது. லகுவை நான்கு அலகாகக் கொள்ளின் துருதம் 2, பாதி கூடிய விராமத் துருதம் 3, புலுதம் 12. ஆகவே தாளம் 2, 3, 2, 12 என அமையும்.

மெசியான் இதனை முதலில் தலைகீழாக்கினார்: 12, 2, 3, 2. பின்னர்ப் புலுதத்தை மூன்று சமகூறாகப் பகுத்தார்: 4, 4, 4, 2, 3, 2. இப்போது முதல் மூன்றையும் பின் மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினார். 4, 4, 4 என்பதனைப் பாதியாக்கின் 2, 2, 2 ஆதல் வேண்டும். ஆயின் இடையில் நிற்பது 3. இதிலிருந்து அவர் மூன்று விதிகளை வடித்தார். எந்தத் தாளத்தோடும் ஒரு சிற்றளவைக் கூட்டி அதன் சமநிலையைக் கலைக்கலாம் என்பது முதல் விதி. ஒரு தாளத்தை இரட்டித்தலும் பாதியாக்கலும் மட்டுமன்றிச் சிக்கலான பிற வகைகளிலும் விரிக்கலாம், சுருக்கலாம் என்பது இரண்டாவது. 2, 3, 2 என்பதுபோல முன்னின்று எண்ணினும் பின்னின்று எண்ணினும் ஒன்றாகவே நிற்கும் தாளங்கள் உண்டு என்பது மூன்றாவது. இம்மூன்றாவதைத் 'திருப்பவொண்ணாத் தாளம்' என்னும் பொருளுடைய பெயரால் அவர் வழங்கினார். நம் யாப்பு மரபில் மாலைமாற்று எனச் சொல்லப்படும் அமைப்பினை நினைப்பார்க்கு இது எளிதில் விளங்கும். மாலைமாற்று எழுத்தில் நிகழ்வது. இது கால அளவில் நிகழ்வது.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. சாரங்கதேவர் கூறிய தாளத்தில் 4, 4, 4 என்பது இல்லை. தாளத்தைத் திருப்பியவர் மெசியான். புலுதத்தைப் பகுத்தவரும் அவரே. அவ்விரு செயல்களும் நிகழ்ந்த பின்னரே முதல் இரு விதிகளும் அங்குத் தோன்றுகின்றன. இந்தியத் தாளத்தில் கண்டதாக அவர் கூறிய விதிகளுள் பெரும்பகுதி, அவர் அதனை மாற்றியமையாற் பிறந்ததே. மூலத்தில் உள்ளது மூன்றாவது விதிக்குரிய 2, 3, 2 என்னும் பகுதியும், துருதத்தை விராமத்தாற் பாதி கூட்டும் வழக்கும் மட்டுமே. இது மெசியான் பொய் கூறினார் என்பதாகாது. படைப்பாளன் ஒரு நூலைப் படிக்கும் முறைக்கும் உரையாசிரியன் படிக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு இது. உரையாசிரியன் நூல் கூறியதைத் தேடுகின்றான். படைப்பாளன் தான் தேடிக்கொண்டிருந்ததை நூலிற் காண்கின்றான். 1935இல் இயற்றிய 'ஆண்டவரின் பிறப்பு' என்னும் ஆர்கன் இசைத்தொகுதியின் முன்னுரையிலேயே, சிற்றளவு கூட்டும் இம்முறையை அவர் எடுத்துரைத்திருத்தலும் கருதத்தக்கது.

4. பளிங்கு வழிபாடு

விதியை விடுத்து இசைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்ட மெசியான், கேர்லிட்சு நகர்ப் போர்க்கைதிகள் முகாமில் 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' என்னும் படைப்பை இயற்றினார். 1941 சனவரி 15ஆம் நாள் அம்முகாமிலேயே அது அரங்கேறியது. பியானோவை அவரே வாசித்தார். வயலின், செல்லோ, கிளாரினெட் வாசித்த மூவரும் உடனிருந்த கைதிகள். காலம் இனி இராது என வானதூதன் அறிவிக்கும் திருவெளிப்பாட்டுப் பகுதியே படைப்பின் கரு. அதன் எட்டு இயல்களுள் முதலாவது 'பளிங்கு வழிபாடு' எனப்படுவது.

அவ்வியலில் கிளாரினெட் கரும்பறவையின் குரலையும் வயலின் இராப்பாடியின் குரலையும் எழுப்புகின்றன. பியானோ பதினேழு கால அளவுகள் கொண்ட தாளவரிசை ஒன்றை மீண்டும் மீண்டும் வாசிக்கின்றது. அவ்வரிசை மூன்று தேசி தாளங்களைத் தொடுத்தது. மேற்கூறியவாறு மாற்றிய ராகவர்த்தனம் (4, 4, 4, 2, 3, 2). சந்திரகலை (2, 2, 2, 3, 3, 3, 1). இலட்சுமீசம் (2, 3, 4, 8). அலகுகளைக் கூட்டின் 19, 16, 17 என ஐம்பத்திரண்டு வரும்.

சந்திரகலையின் மாத்திரை பதினாறு என்பதனை நோக்குக. திங்களின் கலைகள் பதினாறு; பெயர்க்கும் எண்ணுக்கும் இயைபு கருதியே இத்தாளம் அமைந்தது எனக் கொள்ளலாம். மெசியான் இத்தாளத்தின் விகிதத்தை மாற்றவில்லை. குரு மூன்று, புலுதம் மூன்று, லகு ஒன்று என்னும் அமைப்பு அப்படியே உள்ளது. ஆயின் ராகவர்த்தனத்தில் லகு நான்கு அலகாயிருக்க, சந்திரகலையில் லகு ஓரலகாகச் சுருங்கியது. இரு தாளங்களையும் ஒரே கையால் எண்ணிப் போடுவார்க்கு இது ஒவ்வாது. மெசியானுக்கோ இஃது ஒரு பொருட்டன்று. அவர் கொண்டது அளவின் வடிவத்தை; அளக்கும் செயலை அன்று. சாரங்கதேவரிடத்தில் தாளம் பாட்டை அளக்கும் கோல். மெசியானிடத்தில் அளக்கப்படும் பொருளே தாளம். பெருமிதப் பேச்சு இவ்விடத்தில் வலியிழக்கின்றது. 'நம் தாளத்தில் அமைந்த இசை' என இதனைக் கூறல் பொருந்தாது.

ஆயின் இகழ்ச்சிப் பேச்சும் உடன் வலியிழத்தலைக் காண்க. பியானோவின் தாளவரிசை பதினேழு அளவுகளை உடையது. அதன்மேல் வரும் கூட்டொலிகளின் வரிசையோ இருபத்தொன்பது. பதினேழும் இருபத்தொன்பதும் பகா எண்கள். தாளமும் கூட்டொலியும் தொடங்கிய இடத்தில் மீண்டும் ஒன்றுகூட வேண்டுமாயின் 17 × 29 = 493 கூட்டொலிகள் கழிய வேண்டும். அதற்கு நெடுமுன்னரே இயல் முடிந்துவிடுகின்றது. செல்லோவும் ஐந்து சுரங்களைப் பதினைந்து கால அளவுகளின்மேல் தனியே சுழற்றிக்கொண்டிருக்கின்றது.

நம் தாளமுறையில் சுழற்சியின் பயன் கூடுதல். பாடுவோரும் வாசிப்போரும் எங்கெங்குப் பிரிந்து சென்றாலும் எடுப்பில் வந்து கூடுவர். கேட்போர் உள்ளம் நிறைவுறுவது அங்கே. மெசியானும் சுழற்சியைக் கொண்டார். ஆயின் கூடாமையைப் பயனாக்கினார். தொடக்கமும் முடிவும் காட்டாது, முன்னரே சென்றுகொண்டிருந்ததும் பின்னரும் செல்வதுமாகிய ஒன்றன் சிறுபகுதி மட்டும் நம் செவியிற்படுகின்றது. காலத்தின் முடிவைப் பாட எடுத்துக்கொண்டவர், நாட்களை எண்ணுதலன்றி வேறில்லாத சிறைமுகாமில் அமர்ந்து, எண்ணி முடிக்கவியலாத ஒன்றை ஆக்கினார். பொருளறியாது கையாண்டார் என்பார் இவ்வியலை எண்ணிப் பார்த்தாரல்லர்.

5. ஒப்புமையும் சான்றும்

இங்ஙனம் தாளவரிசையும் சுரவரிசையும் வெவ்வேறு நீளமுடையனவாய்ச் சுழலும் முறை, பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையிலும் உண்டு. மாசோ முதலியோர் கையாண்ட அம்முறையில் தாளவரிசைக்குத் 'தாலியா' என்னும் இலத்தீன் பெயர் வழங்குகின்றது. இச்சொல்லையும் 'தாளம்' என்னும் சொல்லையும் ஒலி பற்றி உறவுபடுத்த நம்மவர் விரைதல் கூடும். அவ்வாறு கோடற்குச் சான்று இல்லை. ஒலியொப்புமை சொல்லுறவு ஆகாமைபோல, அமைப்பொப்புமை செல்வாக்கு ஆகாது.

இதனை இன்னும் கூர்மையாக விளக்குவது டெங்கி என்னும் தேசி தாளம். குரு, லகு, குரு என்பது அதன் அமைப்பு. அதாவது 2, 1, 2. இது திருப்பவொண்ணாத் தாளங்களுள் மிக எளியது. கிரேக்க யாப்பில் 'கிரெட்டிக்' எனப்படும் சீரும் நெடில், குறில், நெடில் என இதே அமைப்புடையது. கிரேக்க யாப்பில் வல்ல எம்மானுவேலிடம் மெசியான் பயின்றவர் என்பதனை முன்னர்க் கண்டோம். ஆகவே அவர் இசையில் 2, 1, 2 வருமிடத்து அது தேவகிரியிலிருந்து வந்ததா, கிரேக்கத்திலிருந்து வந்ததா என அமைப்பை மட்டும் கொண்டு கூறுதல் இயலாது. இரு மரபிலும் உள்ள ஒன்று இரண்டனுள் எதற்கும் சான்றாகாது. பதினேழு அளவுகளின் வரிசையோ அத்தகையதன்று. மூன்று தாளங்கள் முறையாக நிற்கும் அத்தொடர் தற்செயலாய் அமைதல் அரிது. மெசியானே 1944ஆம் ஆண்டு நூலில் அவற்றைப் பெயர் சுட்டி விளக்கியுமுள்ளார். அகச்சான்றும் புறச்சான்றும் கூடியவிடத்தே செல்வாக்கு எனத் துணிதல் வேண்டும். ஏனையவிடத்து ஒப்புமை என்று கூறி அமைதலே ஆய்வறம்.

6. பெயரும் பொருளும்

'துரங்கலீலா சிம்பொனி' மெசியானின் பெரும்படைப்புக்களுள் ஒன்று. 1946 முதல் 1948 வரை இயற்றப்பெற்ற இப்பத்து இயற் படைப்பு, 1949 திசம்பர் 2ஆம் நாள் பாசுட்டன் நகரில் இலியோனார்டு பெர்ன்சுடைன் நடத்த அரங்கேறியது. துரங்கலீலம் தேசி தாளப் பெயர்களுள் ஒன்று. துரங்கம் குதிரை, லீலை விளையாட்டு. குதிரையின் விளையாட்டு நடை என்பதே தாளப்பெயரின் நேர்ப்பொருள். மெசியானோ துரங்கத்தைக் குதிரைபோல் விரையும் காலமாகவும், லீலையை ஆக்கலும் அழித்தலுமாகிய இறைவிளையாட்டாகவும், அதனோடு காதலாகவும் விரித்தார். இவ்விரிவு தாளநூலில் இல்லை, அவருடையது. இதனைப் பிழையுரை எனத் தள்ளுதல் எளிது. ஆயின் படைப்பாளன் இடும் பெயரை நிகண்டு கொண்டு திருத்துதல் திறனாய்வாகாது. அப்பெயரை ஏன் அவன் நாடினான் என்பதே வினவத்தக்கது. காலம், காதல் என்னும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க அவர் விரும்பினார். அயன்மொழிப் பெயர் அதற்கு இடந்தந்தது.

இப்படைப்பின் தாள நுட்பத்திலும் இந்தியச் செல்வாக்கு ஒன்றே உளதென்றல் தவறு. ஒரு தாளம் வளர, ஒரு தாளம் தேய, ஒரு தாளம் மாறாது நிற்கும் அமைப்பினைத் 'தாள மாந்தர்' என அவர் வழங்கினார். மேடையில் ஒருவன் செயற்பட, ஒருவன் அச்செயலுக்கு ஆட்பட, ஒருவன் நோக்கி நிற்றல் போன்றது அது. 1913இல் அரங்கேறிய சுத்திராவின்சுகியின் 'வசந்தச் சடங்கு' என்னும் படைப்பை ஆராய்ந்தபோது கண்ட நெறி அது. உருசியனிடம் கண்டதும் சாரங்கதேவரிடம் கண்டதும் ஒரே கையில் ஒரே நூலாக முறுக்கேறின.

அவருடைய சுரநெறியும் இதனோடு ஒத்தது. சில சுரவரிசைகளை ஒரு சில முறைக்குமேல் இடம் பெயர்க்க இயலாது. மீண்டும் பெயர்ப்பின் பழைய சுரங்களே வந்துவிடும். இத்தகைய ஏழு வரிசைகளை மெசியான் வகுத்தார். தெபுசியும் உருசியரும் முன்னரே சிலவற்றை ஆண்டதுண்டு. பெயர்க்கவொண்ணாச் சுரமும் திருப்பவொண்ணாத் தாளமும் ஒரே வேட்கையின் இரு முகங்கள். எல்லையுடைய ஒன்றனுள் எல்லையின்மையைக் காட்டல் அவ்வேட்கை. அது சமயப் பற்றுடைய அவர் உள்ளத்தில் முன்னரே இருந்தது. சாரங்கதேவர் அதற்கு விடை தந்தார், வினா மெசியானுடையது.

7. முடிபு

நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவர். வழிநூல் முதனூலின் பொருளோடு முழுதும் ஒத்து, வேண்டிய வேறுபாடு உடையது. சார்பு நூலோ ஒருபுடை ஒத்துப் பலபுடை திரிவது. நூலுக்குக் கூறிய இவ்வகையைப் படைப்புக்கும் கொள்ளுதல் தகுமாயின், மெசியானின் இசை சங்கீத ரத்னாகரத்துக்கு வழியன்று, சார்பு. பெருமிதப் பேச்சு அதனை வழியெனக் கொண்டு மகிழ்கின்றது. இகழ்ச்சிப் பேச்சும் அதனை வழியெனவே கொண்டு, வழுவியது எனச் சினக்கின்றது. இரண்டுக்கும் அடிப்படைப் பிழை ஒன்றே.

மெசியான் இழந்ததும் உண்டு என்பதனை மறைத்தல் வேண்டா. கை எண்ணும் காலத்தின் உயிர்ப்பும், பாடுவோன் தாளத்தை விட்டுச் சென்று மீளும் உரிமையும், கேட்போன் உடனெண்ணி மகிழும் உறவும் அவர் கொண்ட எண்களில் இல்லை. அவை ஏட்டில் ஏறாதவை. ஏட்டைக் கண்டவர் அவற்றைக் கொள்ளுதல் எங்ஙனம்? ஆயின் கொண்ட சிலவற்றைக் கொண்டு, மூலம் ஒருபோதும் நாடாத பயனை அவர் நிறுவினார். அவர் மறைவுக்குப்பின் 1994 முதல் 2002 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த பேராய்வு நூலில் நூற்றிருபது தாளங்களையும் அவர் ஆராய்ந்திருத்தல், வாழ்நாள் இறுதிவரை அப்பட்டியலை அவர் கைவிடவில்லை என்பதனைக் காட்டும்.

ஆகவே இளைய ஆய்வாளர்க்கு யான் கூற விழைவது இதுவே. செல்வாக்கினை ஆராயப் புகுவோர் மூன்று வினாக்களை முறையே எழுப்புதல் நலம். கொண்டமைக்கு அகச்சான்றும் புறச்சான்றும் உளவா? கொண்டவிடத்து எது விடப்பட்டது, எது மாற்றப்பட்டது? மாற்றப்பட்டது புதிய இடத்தில் என்ன தொழில் செய்கின்றது? முதல் வினாவோடு நின்றுவிடுவோர் பெயர்ப்பட்டியல் எழுதுவர். மூன்றாம் வினாவரை செல்வோரே படைப்பைக் காண்பர். வடமொழிக் காப்பியங்களுக்கும் நம் காப்பியங்களுக்கும் உள்ள உறவினை ஆராயுங்கால் நம்மிடையே எழும் ஆரவாரம் பெரும்பாலும் முதல் வினாவளவில் எழுவதே. அயலார் ஒருவரிடம் நடுநின்று கேட்கக் கற்ற வினாக்களை நம் நூல்களிடத்தும் அதே நடுநிலையோடு கேட்போமாக.